பன்றிக்கறிக்கு எதற்குத் தனிச்சட்டி?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் இளைஞர்கள் கூடிய சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உணவு உரிமை பற்றிப் பேசச் சொன்னால் நம் மேடைகளில் முதலில் வருவது மாட்டுக்கறி. அதில் நியாயம் இருக்கிறது. தீண்டாமை எப்படித் தோன்றியது என்று 1948இல் நூல் எழுதிய அண்ணல் அம்பேத்கர், மாட்டுக்கறியைத்தான் அந்தக் கேள்வியின் நடுவில் வைத்தார். மாட்டின் பெயரால் இன்றும் மனிதர்களை அடித்துக் கொல்கிறார்கள். அதனால் மாட்டுக்கறி அரசியலை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இன்று நான் மாட்டை விட்டுவிட்டுப் பன்றிக்கு வருகிறேன். பேச்சில் பாதி சமையல் குறிப்பாகவே இருக்கும். கையில் நோட்டு இருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பன்றி? மாட்டுக்கறி சாப்பிடுவேன் என்று மேடையில் சொல்லும் தோழர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதே தோழரிடம் "பன்றி?" என்று கேளுங்கள். ஒரு நொடி தயங்குவார். "சாப்பிடுவேன், ஆனா வீட்டுல செய்ய மாட்டோம்" என்பார். அந்த "ஆனா"வுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியதுதான் இந்தப் பேச்சு.

எங்கள் ஊர் இந்த மலைக்குக் கீழே, போளூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பன்றிக்கறிக்கென்றே ஒரு மண்சட்டி உண்டு. வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் கவிழ்த்து வைத்திருக்கும். மழையும் வெயிலும் அதன் மேல்தான். கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைக் கழுவி, வெளியில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, அப்பா சமைப்பார். அன்றைக்கு அம்மா அடுப்பங்கரையில் ரசம் வைப்பார். அம்மாவும் சாப்பிடுவார், ஆசையாகவே சாப்பிடுவார். ஆனால் அந்தச் சட்டி வாசற்படி தாண்டி உள்ளே வந்ததே இல்லை. கரண்டியும் தனி. சாப்பிட்ட தட்டைச் சாம்பல் போட்டு இரண்டு முறை தேய்ப்போம். ஊர்த்தெருக்காரர் வந்தால் அந்தச் சட்டி கண்ணில் படக் கூடாது என்று அதன் மேல் ஒரு பழைய சாக்கு கிடக்கும்.

தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்தால் அது இரட்டைக் குவளை. தீண்டாமை என்று போராடுகிறோம். சொந்த வீட்டுப் பின்கட்டில் நாமே வைத்திருக்கும் தனிச்சட்டிக்கு என்ன பெயர்? நம் நாக்குக்குப் பிடித்ததை நம் கையாலேயே வேலிக்கு வெளியே வைக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதைச் செய்ய ஊர்த்தெருவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நாமே செய்துகொள்கிறோம். பார்ப்பனியம் எவ்வளவு மலிவாக வேலை வாங்குகிறது பாருங்கள்.

பன்றி அசுத்தம், அதனால் ஒதுக்குகிறார்கள் என்பார்கள். சரி, சாத்திரத்தைப் பார்ப்போம். மனுநூலின் ஐந்தாம் அத்தியாயத்தில், இருபிறப்பாளன் தெரிந்தே தின்றால் சாதியிலிருந்து விழுந்துவிடுவான் என்று ஒரு பட்டியல் வருகிறது. 19ஆம் சுலோகம். அதில் ஊர்ப்பன்றி இருக்கிறது. கூடவே காளான், பூண்டு, வெங்காயம், ஊர்க்கோழி. அதாவது நம்முடைய ஒரு பன்றிக்கறிக் குழம்புச் சட்டிக்குள் அந்தப் பட்டியலில் பாதி கொதித்துக்கொண்டிருக்கிறது. சரி, இதே நூலின் மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள். பிதுர்களுக்குச் சிராத்தத்தில் எந்தக் கறி படைத்தால் எத்தனை மாதம் திருப்தி என்று கணக்குச் சொல்கிறது. காட்டுப்பன்றியும் எருமையும் படைத்தால் பத்து மாதம். ஆக, பன்றி பிதுர்களுக்கு ஆகும். பெருமாளுக்கு வராக அவதாரமாகவும் ஆகும். ஊருக்குள் இருக்கிற பன்றிதான் ஆகாது. காட்டில் வேட்டையாடுபவன் அரசன், ஊருக்குள் பன்றி மேய்ப்பவன் சேரிக்காரன், குறவன். விலங்கு ஒன்றுதான்; யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் தீட்டு வருகிறது.

கண்ணப்ப நாயனாரை எல்லோருக்கும் தெரியும். காளத்தியில் லிங்கத்துக்குப் பன்றிக்கறியை வாயில் போட்டு ருசி பார்த்துப் படைத்த வேடன். இங்கிருந்து காளத்தி ஒன்றும் தொலைதூரமில்லை. அந்தக் கதையைக் கேட்டு உருகுகிறவர் தன் வீட்டு மாடியில் குடியிருப்பவன் பன்றிக்கறி சமைத்தால் காலி செய்யச் சொல்கிறார். பக்தி வேறு, வாடகை ஒப்பந்தம் வேறு போல.

நமக்கு வேறொரு பழைய சாட்சி இருக்கிறது. அதுவும் இந்த மலையடிவாரத்திலிருந்தே. பத்துப்பாட்டில் மலைபடுகடாம், நன்னன் என்கிற குறுநில மன்னனைப் பாடியது. அவன் ஊர் செங்கண்மா, அதாவது இன்றைய செங்கம். இங்கிருந்து மலையிறங்கினால் வரும் ஊர். அவனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது பாட்டுக்காரர் ஒரு யோசனை சொல்கிறார்: வழியில் காயம்பட்டு விழுந்து கிடக்கும் காட்டுப்பன்றியைக் கண்டால், காய்ந்த மூங்கில் உரசிப் பற்றிய தீயில், புகை நாற்றம் ஏறாதபடி மயிரைப் பொசுக்கி நீக்கிச் சாப்பிடுங்கள், சுனைத் தண்ணீர் குடியுங்கள், மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சமையல் குறிப்பே கொடுத்துவிடுகிறார். மயிரைப் பொசுக்குவது, புகை நாற்றம் ஏறாமல் பார்ப்பது – இந்த இரண்டும் இன்றைக்கும் பன்றிக்கறியில் பாதி வேலை.

அதே பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே வருவது வேட்டைப் பன்றி இல்லை, வீட்டுப் பன்றி. கள் சமைக்கும் பெண்கள் கழுவி ஊற்றிய நீரில் சேறாடும் பன்றிக் கூட்டம். அதிலிருந்து ஓர் ஆண் பன்றியைப் பிரித்து, பெட்டையோடு சேர விடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோடு தருவார்கள் என்று வருகிறது. பன்றி வளர்ப்பவர்களுக்கு இதன் நுட்பம் உடனே புரியும். இனச்சேர்க்கைக்கு வந்த கிடாப் பன்றியின் கறியில் ஒரு கெட்ட வாடை அடிக்கும். அதனால்தான் இன்று ஆண் குட்டிகளைச் சின்ன வயதிலேயே காயடிக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் அதைத் தெரிந்து வைத்துத் தனிக் கொட்டில், தனித் தீவனம் என்று வளர்த்திருக்கிறார்கள். "பன்றி வளர்ப்பு" என்றால் சாக்கடையை மட்டுமே நினைக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பாட்டைக் கொஞ்சம் படிக்கலாம்.

இந்த மலைக்கு வருகிறேன். இங்கே உங்களில் பலர் மலையாளிப் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் வழி என்று உங்கள் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை சரியா தவறா என்கிற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கதையைக் காட்டி, "நாம வேளாளர், நமக்குப் பன்றி ஆகாது" என்று யாராவது ஆரம்பித்தால் உஷாராகுங்கள். கறியை விடுவது முதல் படி. அடுத்த படி, கீழே இருந்து வரும் தலித் தோழனுக்குத் தனித் தம்ளர். கீழே திருவண்ணாமலை, வேலூர் விடுதிகளில் படிக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு மேலே வந்ததும், பாட்டி சட்டியில் கறி போட்டால் "நாத்தம்" என்று மூக்கைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் குறை சொல்லவில்லை. விடுதி உணவுப் பட்டியலில் கோழி இருக்கும், முட்டை இருக்கும். பன்றிக்கறியை நான் எந்த விடுதிப் பட்டியலிலும் பார்த்ததில்லை. பட்டியலில் இல்லாததைப் பிள்ளை உணவாகவே எண்ணாது.

காட்டுப்பன்றி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மலையில் கேட்பீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் கறியை வைத்திருப்பதும் குற்றம். கூத்தர்களுக்குச் சொன்ன யோசனையை இன்று செய்தால் வழக்கு. சாமைக் காட்டைப் பன்றி உழுது போட்டாலும் நீங்கள் கை வைக்க முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று அனுமதித்தது. காப்புக்காட்டுக்கு நடுவிலேயே ஊர் இருக்கிற உங்களுக்கு அந்த மூன்று கிலோமீட்டர் எங்கே தொடங்கும் என்று நீங்களே சொல்லுங்கள். இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்று நான் சொல்லும் சமையல் எல்லாம் வளர்ப்புப் பன்றிக்கு, வெண்பன்றியோ நாட்டுக் கறுப்புப் பன்றியோ.

சரி, அடுப்புக்கு வருவோம்.

கறி வாங்கும்போது தோலும் கொழுப்பும் கறியும் அடுக்காக இருக்கும் வயிற்றுப் பகுதியைக் கேளுங்கள். வெறும் சதையாக வாங்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். தோலில் மயிர்க்கால் மிச்சமிருந்தால் அடுப்புத் தீயில் காட்டிப் பொசுக்கிக் கத்தியால் சுரண்டுங்கள். மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசறிக் கழுவி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாடை என்று பயப்படுகிறவர்களுக்கு அதோடு முக்கால்வாசிப் பிரச்சினை முடிந்தது. எண்ணெய் வேண்டாம். அடி கனமான பாத்திரத்தில் கொழுப்புத் துண்டுகளை முதலில் போட்டுச் சிறுதீயில் விட்டால் பன்றி நெய் தானே இறங்கும். அதில்தான் வெங்காயம் வதக்க வேண்டும். கடலை எண்ணெய் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு, பிறகு "எண்ணெய் மிதக்குது" என்று புலம்புவது தேவையில்லாத வேலை.

எங்கள் பக்கத்துக் குழம்பு எளிமையானது. ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், இரண்டு முழுப் பூண்டு, விரல் நீளம் இஞ்சி. காய்ந்த மிளகாய் பன்னிரண்டு, தனியா ஒரு கைப்பிடி, மிளகு இரண்டு கரண்டி, சீரகம் ஒரு கரண்டி, எல்லாம் வறுத்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்தது. வதங்கிய கறியில் இதைப் போட்டுப் புரட்டி, தண்ணீர் விட்டு வேக விட்டு, பாதி வெந்ததும் ஊற வைத்த மொச்சையைச் சேருங்கள். மொச்சை கொழுப்பை இழுத்துக்கொள்ளும். மொச்சைக்காகவே சண்டை வரும். கடைசியில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து விட்டுக் கொதிக்க விட்டு இறக்க வேண்டும். புளி இங்கே மலையில் உங்கள் மரத்திலேயே காய்க்கிறது. பன்றிக்குப் புளிப்பு கட்டாயம். உலகத்தில் எங்கே போனாலும் பன்றியோடு ஒரு புளிப்பு இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

குடகுக்குப் போனால் கச்சம்புளி. கொடவர்களின் பந்திக்கறி என்பது ஏறக்குறைய கறுப்பு நிறம். தனியா, சீரகம், மிளகு, கொஞ்சம் கடுகு, ஒரு சிட்டிகை வெந்தயம் இவற்றைக் கருகும் எல்லை வரை வறுத்துப் பொடிப்பார்கள். நன்றாக வெந்த கறியில் அந்தப் பொடியும் கச்சம்புளியும். அரிசி நொய்யில் செய்த உருண்டைக் கொழுக்கட்டையோடு சாப்பிடுவார்கள், கடம்புட்டு என்று பெயர். கேரளத்தின் குடம்புளி, இலங்கையின் கொறக்காப்புளி, குடகின் கச்சம்புளி மூன்றும் ஒரே இன மரத்துக் கனியிலிருந்து வருபவை. ஒன்று காய்ந்த தோல், இன்னொன்று காய்ச்சி இறக்கிய சாறு. ஆக, கச்சம்புளி கிடைக்காவிட்டால் நான்கு துண்டு குடம்புளியை ஊற வைத்துக் கொதிக்க வைத்து ஊற்றலாம், தப்பில்லை. (கொடுக்காப்புளி வேறு, அது பள்ளிக்கூட வாசலில் விற்பது. அதைப் போட்டுவிடாதீர்கள்.) இலங்கைக் கறுப்புப் பன்றிக் கறியும் இதே குடும்பம்தான், அங்கே கூடுதலாக ரம்பை இலையும் பட்டையும் வாசம் தரும்.

இங்கே நிறுத்தி ஒன்றைக் கவனியுங்கள். குடகில் பந்திக்கறி கல்யாண விருந்து. நிலமும் துப்பாக்கியும் வைத்திருக்கும் சமூகத்தின் பெருமை. சுற்றுலா விடுதிகளில் அதைப் பாரம்பரிய உணவு என்று விலை வைத்து விற்கிறார்கள், நம்மூர் மேல்சாதி இளைஞர்களும் மடிக்கேரி போய்ச் சாப்பிட்டுப் படம் போடுகிறார்கள். திரும்பி வந்தால் நம்மூர்ப் பன்றிக்கறிக் கடை அவர்களுக்கு அருவருப்பு. நான் சொன்னேனே, விலங்கு ஒன்றுதான் என்று.

திருச்சூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பன்றியோடு கூர்க்கக் கிழங்கு போடுவார்கள். நம் திருநெல்வேலி, குமரியில் பொங்கலுக்கு வருகிற சிறுகிழங்குதான் அது. தோல் சுரண்டுவதற்குள் விரல் கறுத்துவிடும், ஆனால் செய்து பாருங்கள். கறியை மிளகு, தனியா, மஞ்சளோடு வேக வைத்து, தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிக் கறிவேப்பிலையோடு பன்றி நெய்யில் சிவக்க வறுத்து, கிழங்கையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும்.

விந்தாலுவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, அதில் உருளைக்கிழங்கு உண்டு என்று. பெயரில் "ஆலு" வருவதால் வந்த குழப்பம். அது போர்ச்சுக்கீசியச் சொல். வைன் காடியும் பூண்டும் ஊற்றி ஊற வைத்த கறி என்று பொருள். கோவாவுக்கு வந்த பிறகு காடி தென்னங்கள் காடியாக மாறியது, அவர்களே கடல் கடந்து கொண்டுவந்த மிளகாய் உள்ளே நுழைந்தது. காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் தண்ணீரே இல்லாமல் காடியில் அரைத்து, கறியில் பிசறி ஓர் இரவு வைத்து, மறுநாள் சமைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இது நல்ல கறி. காடி கெட விடாது.

வடகிழக்கு நம்மைவிட வெகுதூரம் போய்விட்டது. காசி மக்கள் கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துப் பன்றியில் போடுகிறார்கள், தோநெய்யோங் என்று பெயர். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், எள் விழுது, அவ்வளவுதான். எள் நம் கையில் இருக்கிறது, நாளைக்கே செய்யலாம். இதுவரை நான் விருந்தாளிகளுக்குச் செய்ததில் அதிகம் பேர் குறிப்புக் கேட்டது இதற்குத்தான். நாகர்கள் அடுப்புக்கு மேலே பரணில் கறியைத் தொங்கவிட்டுப் புகையில் வாட்டி, மூங்கில் குருத்தோடோ புளிக்க வைத்த சோயா அவரையோடோ சமைக்கிறார்கள். அந்தச் சோயாவுக்கு அக்குனி என்று பெயர். 2019இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்தது. டெல்லியில் வாடகை வீட்டில் இருக்கும் வடகிழக்கு இளைஞர்கள் தோழியின் கல்யாணத்துக்காக அக்குனி போட்டுப் பன்றிக்கறி சமைக்க ஓர் இடம் தேடி அலைவதுதான் மொத்தக் கதையும். சிரிக்க வைக்கும் படம். சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

வாடகை வீட்டுக் கதை எனக்கும் உண்டு. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்தார். "என்னம்மா சமையல், வாசம் புதுசா இருக்கு" என்றார். பன்றிக்கறி என்றேன். அந்த மாதக் கடைசியில் அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து வருவதாகவும் வீடு தேவைப்படுவதாகவும் சொன்னார்கள். நான் காலி செய்து ஐந்து வருடமாயிற்று. மகன் இன்னும் வரவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். சாதி கேட்கச் சட்டம் விடாது. சமையலைக் கேட்டால் சாதி தெரிந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டுக்குள் சமைப்பதை அரசியல் என்கிறேன்.

சுகாதாரம் பேசுவார்கள். நாடாப்புழு மூளைக்குப் போகும், வலிப்பு வரும் என்பார்கள். அறிவியலைச் சரியாகச் சொல்வோம். புழுவின் நீர்க்கட்டி இருக்கும் பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். நன்றாக வெந்தால் அது செத்துவிடும். மூளையில் கட்டி வருவது வேறு வழி. ஏற்கெனவே குடலில் புழு இருக்கும் மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டை, தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக இன்னொருவர் வாய்க்குள் போவதால் வருகிறது. அதனால்தான் வாழ்நாளில் பன்றியைத் தொடாத சைவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இல்லாததுதான் நோய்க்குக் காரணம். பழி மட்டும் கறி தின்கிறவன் மேல். ஆகவே நன்றாக வேக வையுங்கள், துண்டை நறுக்கினால் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது; கட்டி வைத்துச் சுத்தமான தீவனத்தில் வளர்த்த பன்றியை வாங்குங்கள். சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் பன்றி வளர்ப்புப் பயிற்சி தருகிறது. மரம் வெட்டக் கூலிக்கு ஆந்திரா போய் 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வீட்டுக் கொட்டிலில் நாலு பன்றி நிற்பதற்கு என்ன விலை என்று அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆம்பூர் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2022 மே மாதம், மலைக்கு அந்தப் பக்கம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. ஆம்பூரில் போய்! எதிர்ப்புக் கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். அதே ஆகஸ்டில் சென்னை தீவுத்திடல் உணவுத் திருவிழாவில் கேள்வி எழுந்த பிறகு மாட்டுக்கறி பிரியாணிக் கடை வந்தது. போராடினால் கிடைக்கிறது. ஆனால் அந்த விவாதங்களில் பன்றியின் பெயர் வந்த இடமெல்லாம் "மாட்டைக் கேட்கிறீர்களே, பன்றியையும் வைக்கலாமா?" என்கிற மடக்குக் கேள்வியாகவே வந்ததை நான் பார்த்தேன். நம்மையும் இஸ்லாமியத் தோழர்களையும் மோத விடுவதற்கான கேள்வி அது.

என் பதிலைச் சொல்கிறேன். பன்றிக்கறி என் உணவு, யாருக்கும் எதிரான ஆயுதம் இல்லை. இஸ்லாமியர் பன்றியைச் சாப்பிடாதது அவர் தனக்கு வைத்துக்கொண்ட நெறி. அதை வைத்து அவர் என்னைச் சேரியில் தள்ளவில்லை. சாதியின் விலக்கு அப்படியல்ல. தான் உண்ணாததை உண்பவனைத் தொடாதே என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பள்ளிவாசல் முன்னால் பன்றித் தலையை வீசிக் கலவரம் செய்யப் பார்ப்பவன் பன்றிக்கறி உரிமைக்காரன் இல்லை, அவன் வீட்டில் அதைச் சமைக்கவும் மாட்டான். ஆம்பூர்த் தோழர் என் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு மாட்டுக்கறி. திருவிழாவில் பன்றிக்குத் தனிக் கடை, தனிப் பாத்திரம் என்றால் எனக்குச் சம்மதம், ஏனென்றால் அந்தத் தனிமை அவருடைய நெறிக்குக் கொடுக்கிற மரியாதை. என் வீட்டு வேலியோரச் சட்டி யாருக்கும் கொடுத்த மரியாதை இல்லை.

2013இல் வந்த 'ஃபன்றி' என்ற மராத்திப் படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் பன்றி பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது அந்தப் பையனுக்கு. அவன் காதலிக்கும் பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2023இல் 'மாமன்னன்' படத்தில் நாயகன் பன்றி வளர்ப்பவனாகவே வந்தான், வெட்கமில்லாமல், பாசமாக. பத்து வருட இடைவெளியில் திரையில் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. சமையலறையில் நடந்ததா? புனே பல்கலைக்கழகப் பெண்ணியல் மையத்தில் ஷர்மிளா ரேகேயும் மாணவர்களும் 2009இல் தலித் வீட்டு உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். மராத்வாடாவிலிருந்து ஷாகு பாட்டோளே மராத்தியில் தலித் சமையலைப் புத்தகமாக எழுதினார். தமிழில் தொலைக்காட்சி, யூடியூப், சமையல் புத்தகம் என்று செட்டிநாடு இருக்கிறது, கொங்கு இருக்கிறது, ஐயர் வீட்டுச் சமையல் இருக்கிறது. சேரிச் சமையலும் மலைச் சமையலும் பாட்டிகளின் கையில் மட்டும் இருக்கிறது. உங்களிடம் கைப்பேசி இருக்கிறது. பாட்டி சொல்லும் அளவை, "ஒரு கை", "கண்ணளவு" என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.

பெண் தோழர்களுக்கு ஒன்று. பன்றிக்கறி வெளியே ஆண்கள் சமைப்பது என்கிற வழக்கத்தில் ஒரு வசதியும் இருந்தது: அன்றைக்கு மட்டும் அப்பா சமைத்தார். சட்டியை உள்ளே கொண்டு வருகிறோம் என்று அந்த வேலையையும் அம்மா தலையில் கட்டிவிடக் கூடாது. சட்டியோடு அப்பாவும் அடுப்பங்கரைக்குள் வரட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நான் வேலைக்குப் போன முதல் வருடம் அந்த மண்சட்டியை எடுத்து வந்து அடுப்பு மேடையில் வைத்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அதே சட்டியில் கீரை கடைந்துகொண்டிருந்தார்.

இப்போது பின்னால் மூன்று அடுப்பில் மூன்று கறி வேகிறது. ஒன்று மொச்சை போட்டது, ஒன்று எள் போட்டது. மூன்றாவது வெறும் உப்பும் மிளகும் மஞ்சளும் போட்டு அதன் நெய்யிலேயே சுண்ட வைத்தது, இந்த ஊர் அம்மா ஒருவர் செய்கிறார். சாமைச் சோறு வடித்தாயிற்று, களியும் இருக்கிறது. எள் போட்டது அடிப்பிடிக்கும், யாராவது போய்க் கிளறிவிடுங்கள். மற்ற கேள்விகளைச் சாப்பிடும்போது கேளுங்கள்.